ஜி.எஸ்.ஐ.யோடு சேர்ந்து ஆய்வு செய்வது எப்படி: குமரி மாவட்டக் கல்லூரிகளுக்கு

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது என்றால் எங்கள் மாவட்டக் கல்லூரிகளில் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், பதிவேடுகளைத் தேடி எடுப்பார்கள், அப்புறம் "நாலு எம்.ஓ.யூ. வேணுமே" என்று ஆளாளுக்கு விரட்டுவார்கள். அந்த வாரத்தில்தான் எனக்கு போன் வரும். "மேடம், ஜி.எஸ்.ஐ.யோட நமக்கும் ஒண்ணு போட முடியுமா?" ஜி.எஸ்.ஐ. என்றால் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை.

முடியும். ஆனால் எம்.ஓ.யூ. என்ற புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் ஆரம்பித்தால் அது கோப்பில்தான் இருக்கும். வேலையில் ஆரம்பித்தால் எம்.ஓ.யூ. தானாக வரும். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். நான் இயற்பியல் ஆசிரியை, பாறை படித்தவள் இல்லை. குளச்சலுக்கு மேற்கே கடற்கரை ஊரில் பிறந்தவள். எங்கள் துறையில் கதிர்வீச்சு அளக்கும் காமா நிறமாலைமானி ஒன்று இருக்கிறது, எங்கள் கரையில் தோரியம் இருக்கிற மணல் இருக்கிறது. அந்த வழியாகத்தான் நிலவியல்காரர்களோடு பழக்கமானேன்.

நம் கையில் என்ன இருக்கிறது?

1851-ல் தொடங்கிய துறை அது. கொல்கத்தாவில் தலைமையகம், கப்பல்கள், விமானவழி ஆய்வு, எங்கள் கல்லூரிக் கட்டடத்தைவிட விலை அதிகமான கருவிகள் எல்லாம் அவர்களிடம் உண்டு. அவர்களிடம் போய் "எங்களுக்கு உங்கள் ஆய்வகத்தைக் கொடுங்கள், தரவைக் கொடுங்கள், மாணவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்" என்று பட்டியல் நீட்டினால் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்புவார்கள். இந்தியாவில் இருக்கிற ஒவ்வொரு கல்லூரியும் அதையேதான் கேட்கிறது.

அவர்களிடம் இல்லாதது ஒன்று உண்டு: இங்கேயே இருப்பது. ஜி.எஸ்.ஐ. அதிகாரி ஓர் ஆண்டுத் திட்டத்தில் வருவார், முகாம் போடுவார், வரைபடம் முடிப்பார், அடுத்த ஆண்டு வேறு மாவட்டம் போய்விடுவார். நாம் ஆனி ஆடியிலும் இருக்கிறோம், தை மாசியிலும் இருக்கிறோம். ஜூனில் கடல் கரையை அரித்துக்கொண்டு போவதையும், அக்டோபருக்கு மேல் மணல் திரும்பி வருவதையும் பார்க்கிறோம். பேச்சிப்பாறைக்கு மேலே எந்த நாள் ராத்திரி மண் சரிந்தது என்று நம் மாணவனின் சித்தப்பாவுக்குத் தெரியும்.

அந்தத் தேதிக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்கிறேன். நிலச்சரிவு முன்னறிவிப்புக்கு நாட்டில் பொறுப்பான துறை ஜி.எஸ்.ஐ.தான். 2014-15-ல் தொடங்கி மலைப்பகுதிகளுக்கெல்லாம் 1:50,000 அளவில் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் போட்டார்கள். "எங்கே சரியும்" என்பது அதில் வந்துவிட்டது. "எவ்வளவு மழை பெய்தால் சரியும்" என்று சொல்ல, பழைய சரிவு ஒவ்வொன்றும் எந்தத் தேதியில், முடிந்தால் எந்த மணிக்கு நடந்தது என்று தெரிய வேண்டும். அன்றைய மழையளவோடு அதை ஒட்டிப்பார்த்துத்தான் வரம்பு போட முடியும். செயற்கைக்கோள் படத்தில் சரிவின் தழும்பு தெரியும், தேதி தெரியாது. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து நீலகிரியிலும் டார்ஜிலிங்கிலும் ஜி.எஸ்.ஐ. நடத்திய 'லேண்ட்ஸ்லிப்' திட்டத்திலும் இதுதான் அடிப்படை வேலை. அதில் வானிலைக்காரர்கள், பல்கலைக்கழகங்கள், மக்களிடையே வேலை செய்கிற அமைப்புகள் என்று பலர் சேர்ந்தார்கள். 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறந்ததும் இந்த வரிசையில் வந்ததுதான்.

நம் மலைகளுக்கு இப்படி ஒரு தேதிப் பட்டியல் வேண்டுமென்றால் யார் போடுவது? 2017 நவம்பர் 30 ஓகி புயல், 2021 நவம்பர் மழை (நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்ததே, அது) என்று தொடங்கி, பழைய செய்தித்தாள், எஸ்டேட் பதிவேடு, நெடுஞ்சாலைத் துறைக் கோப்பு, ஊர்க்காரர் நினைவு எல்லாவற்றையும் ஒரு வரலாற்றுத் துறை மாணவிகூடத் தொகுக்கலாம். இதைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பேசிப் பாருங்கள், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

யார் எந்த அலுவலகம்

இதில் ஆள் தெரியாமல் தட்டுகிற கதவுகள் நிறைய. கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் கனிமவளத் துறை மாநில அரசுடையது. குவாரி உரிமம், நடைச்சீட்டு அவர்கள் வேலை. ஜி.எஸ்.ஐ. மத்திய சுரங்க அமைச்சகத்தின் கீழ் வருவது. உரிமம் கொடுப்பதும் இல்லை, சுரங்கம் தோண்டுவதும் இல்லை. ஊர்க்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில் வியப்பில்லை, பேராசிரியர்கள் நினைக்கக் கூடாது. வரைபடத்தாள் அச்சடிக்கும் சர்வே ஆஃப் இந்தியா மூன்றாவது ஆள். நிலத்தடி நீர் என்றால் மத்திய நிலத்தடி நீர் வாரியம்.

ஜி.எஸ்.ஐ.க்குள் நமக்கு வாசல் சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு–புதுச்சேரி மாநிலப் பிரிவு. அதற்கு மேலே ஹைதராபாத்தில் தென்மண்டலம், அதற்கும் மேலே கொல்கத்தா. கடலுக்குள் வேலை என்றால் மங்களூரில் இருக்கும் கடல்சார் பிரிவு. பயிற்சி என்றால் ஹைதராபாத் பண்ட்லகுடாவில் உள்ள பயிற்சி நிறுவனம்.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். கடற்கரை மணலில் உள்ள இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், சில்லிமனைட், தோரியம் உள்ள மோனசைட் எல்லாம் சட்டப்படி அணுக்கனிமப் பட்டியலில் சேர்த்தி. தேரி என்ற செம்மணல் மேட்டில் இருந்தாலும் அப்படித்தான், சட்டத்திலேயே 'தேரி' என்ற சொல் இருக்கிறது. அவற்றைத் தேடி அளப்பது அணுசக்தித் துறையின் கீழுள்ள ஏ.எம்.டி. என்ற அணுக்கனிம இயக்குநரகத்தின் வேலை. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட்டைக் கண்ட நாளிலிருந்து இந்த மணலுக்குத் தனிக் கதை, தனிச் சட்டம். ஆகவே "எங்கள் கரையில் எவ்வளவு மோனசைட் இருக்கிறது" என்ற கேள்வியோடு கிண்டிக்குப் போகாதீர்கள். அது அவர்கள் மேசை இல்லை. "மணல் எப்படி நகர்கிறது, கரை எப்படி மாறுகிறது" என்றால் பேசுவார்கள்.

அக்குளத்தை மறந்துவிடாதீர்கள். திருவனந்தபுரத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது, 1978-ல் கேரள அரசு தொடங்கி 2014-ல் மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் எடுத்துக்கொண்டது. மார்த்தாண்டத்தில் காலைச் சாப்பாட்டை முடித்துப் புறப்பட்டால் மதியத்துக்குள் வேலை பார்த்துத் திரும்பலாம். சென்னைக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயில். நம் மாவட்டப் பாறை கேரளப் பக்கத்துப் பாறையின் தொடர்ச்சிதான், மாநில எல்லை 1956-ல் வந்தது, பாறைக்கு அது தெரியாது. ஜி.எஸ்.ஐ.யோடு மட்டும் இல்லாமல் மூன்றாவது கூட்டாளியாக அக்குளத்தையோ, பாறை படித்தவர்கள் இருக்கிற தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி நிலவியல் துறையையோ சேர்த்துக்கொண்டால் நம் திட்டத்துக்கு முதுகெலும்பு கிடைக்கும்.

போவதற்கு முன் படிக்க வேண்டியது

'பூகோஷ்' என்ற ஜி.எஸ்.ஐ. இணையதளத்தில் பெயர் பதிந்தால் 1:50,000 நிலவியல் வரைபடம், நில அமைப்பு, நிலச்சரிவு, வேதியியல் அளவுகள் எல்லாம் இலவசமாக இறக்கலாம். 2023 டிசம்பரில் தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியம் என்று இன்னொரு தளமும் வந்திருக்கிறது. இரண்டிலும் ஒரு வாரம் உட்காருங்கள். "இந்த மாவட்டத்துக்கு வரைபடம் உண்டா சார்?" என்று அவர்களிடமே கேட்கிற பேராசிரியரை அவர்கள் அத்தோடு மறந்துவிடுவார்கள்.

வரைபடத்தாள் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நம் மாவட்டம் 58 ஹெச் கட்டத்தில் வருகிறது. நாகர்கோவில் 58 ஹெச்/8, கன்னியாகுமரி முனை 58 ஹெச்/12, குளச்சலுக்கு மேற்கே 58 ஹெச்/4. நிலவியல்காரர்கள் ஊர்ப்பெயர் சொல்வதற்கு முன்னால் தாள் எண் சொல்வார்கள். நீங்களும் அப்படிப் பேசினால் பாதி தூரம் குறைந்துவிடும். பழைய தாளில் இருந்து அட்சதீர்க்க ரேகையை எடுத்து நேரே போன் ஜி.பி.எஸ்.ஸில் போடாதீர்கள். பழைய தாள் எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவு முறையில் போட்டது, போன் டபிள்யூ.ஜி.எஸ்.84 என்ற வேறு முறையில் ஓடுவது. மாற்றாமல் வைத்தால் இடம் நூறு மீட்டருக்கு மேல் விலகும். கடற்கரையில் நூறு மீட்டர் என்றால் கடலுக்குள்ளே நிற்க வேண்டியதுதான்.

அப்புறம் பாறை. நாகர்கோவிலைச் சுற்றிப் பெரும்பாலும் சார்னோக்கைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து ஹாலந்து என்ற ஜி.எஸ்.ஐ. அதிகாரி பெயர் வைத்த பாறை, அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. மேற்கே போகப் போக கார்னெட் கலந்த நைஸ், கொண்டலைட். இந்தப் பாறைகள் மழையில் மக்கி, குழித்துறை ஆறும் வள்ளியாறும் பழையாறும் இறக்கிக் கொண்டுவந்த பொருள்தான் கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கிறது. இதெல்லாம் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் எழுதி முடித்த விஷயம். இதையே திரும்ப எழுதித் திட்டம் என்று கொடுக்காதீர்கள்.

சின்னக் கேள்வியாகப் பிடியுங்கள்

ஜி.எஸ்.ஐ.யின் தேசிய வேதியியல் வரைபடத் திட்டத்தில் 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டம் ஒன்றுக்கு ஒரு மாதிரி. நம் மாவட்டம் சுமார் 1,670 சதுர கி.மீ. கணக்குப் போட்டால் நானூற்றுச் சொச்சம் கட்டம். நாட்டளவில் அது போதும். ஆனால் ஒரு கட்டத்துக்குள்ளே ஓர் ஆண்டில் என்ன மாறுகிறது என்பது அதில் வராது. நமக்கு இடம் அங்கேதான்.

நான் பரிந்துரைக்கும் வேலை, மாதாமாதம் கரையின் குறுக்கு அளவு எடுப்பது. இதற்குக் கருவி வேண்டியதில்லை. எமரி என்பவர் 1961-ல் எழுதிய முறை: ஒன்றரை மீட்டர் உயரத்தில் இரண்டு குச்சி, சென்டிமீட்டர் கோடு போட்டது. இடையே அளந்த கயிறு. அசையாத இடம் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கோயில் மதில், பள்ளிக்கூடத் தூண், முட்டம் கலங்கரை விளக்கத்தின் அடி மாதிரி. கடல் பக்கக் குச்சியின் தலையையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கும்போது அந்தக் கோடு கரைப்பக்கக் குச்சியில் எங்கே வெட்டுகிறதோ, உச்சியிலிருந்து அது வரை உள்ள அளவுதான் இறக்கம். கடல் பக்கம் மேடாக இருந்தால் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் பார்க்க, ஒருவர் எழுத, அரைமணி நேரத்தில் ஒரு கோடு முடியும். தண்ணீர் வற்றிய நேரம் பார்த்துப் போங்கள், ஒவ்வொரு மாதமும் அதே மாதிரி நேரம்.

மூன்று மாணவர்கள் ஆண்டு முழுக்க இதைச் செய்தால், தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்கட்டு) உள்ள ஊருக்கும் அதற்கு அடுத்த ஊருக்கும் கரை எப்படி வேறுபடுகிறது என்பது எண்ணாகக் கையில் இருக்கும். ஒரு பக்கம் மணல் சேருகிறது, மறுபக்கம் வீடு போகிறது என்று நம் மீனவர்கள் வாயால் சொல்லிக்கொண்டிருப்பது அதுதான். கூடவே ஒவ்வொரு அளவிலும் ஒரு பொட்டலம் மணல். மழைக்கால அலை எடை குறைந்த வெள்ளை மணலை அள்ளிக்கொண்டு போய்க் கனமான கறுப்பை விட்டுவிடும். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட் 4.7 என்பதுதான் காரணம். இதை மாதவாரியாக ஓர் ஆண்டுக்குக் காட்டினால் ஜி.எஸ்.ஐ. கடல்சார் பிரிவுக்கும் தேசியக் கடலோர ஆய்வு மையத்துக்கும் அது வேண்டும்.

மலைப்பக்கக் கல்லூரிகளுக்கு வேறு ஒன்று: குவாரி முகங்கள். ஒரு காலத்தில் ஜி.எஸ்.ஐ. அதிகாரி பார்த்து வரைபடத்தில் குறித்த பாறை முகம் இன்று லாரியில் ஏறிப் போயிருக்கும். அதற்குப் பின்னால் புதிதாக வெட்டிய முகத்தில் அவர் பார்க்காதது தெரியும். மழையில் கறுக்காத புதுப் பாறை அப்படி வேறெங்கும் கிடைக்காது. தேதியோடும் அளவுகோலோடும் படம் எடுத்து வைப்பதற்கு நிலவியல் பட்டம் வேண்டாம். வெடி வைக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள், மேலாளரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், தலைக்கவசம் இல்லாமல் ஒரு பிள்ளையையும் உள்ளே விடாதீர்கள்.

கடிதம், அப்புறம் காலம்

முதல் கடிதத்தில் எம்.ஓ.யூ. என்ற சொல்லே வர வேண்டாம். மாநிலப் பிரிவின் துணைத் தலைமை இயக்குநருக்கு, கல்லூரி முதல்வர் வழியாக, இரண்டே பக்கம் ஆங்கிலத்தில். எந்தத் தாள், எந்த இடம், உங்கள் வரைபடத்தில் இது இல்லை, நாங்கள் இவ்வளவு நாளாக இந்த அளவு எடுத்திருக்கிறோம், ஒரு பக்கம் வரைகோடு இணைத்திருக்கிறோம், உங்கள் அதிகாரி ஒருவர் ஒரு நாள் வந்து பார்த்துத் தவறு சொன்னால் நல்லது. அவ்வளவுதான். பழைய அறிக்கைகளில் நம் தாளில் வேலை செய்த அதிகாரியின் பெயர் இருக்கும். அவர் இப்போது எங்கே இருந்தாலும் தனியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தான் நடந்த இடத்தைப் பற்றி ஒருவர் கேட்டால் நிலவியல்காரர் பதில் போடாமல் இருக்க மாட்டார். இது என் அனுபவத்தில் பொய்த்ததே இல்லை.

மாணவர்களோடு பேசுவதற்கு 'பூவிசம்வாத்' என்ற பெயரில் ஜி.எஸ்.ஐ. நிகழ்ச்சி நடத்துகிறது. அதற்கு அழையுங்கள். வந்த அதிகாரியை மதியம் மேடையிலேயே வைத்துச் சால்வை போட்டு வீணாக்காமல், காலை ஏழு மணிக்கே கரைக்குக் கூட்டிப் போங்கள்.

காலம் முக்கியம். அவர்களுடைய வேலைத் திட்டம் நிதியாண்டோடு ஓடுகிறது. அடுத்த ஆண்டு எந்தத் தாளில் என்ன வேலை என்பதை முந்தைய ஆண்டிலேயே மாநில நிலவியல் திட்டக் குழுவிலும் பிறகு மத்தியக் குழுவிலும் வைத்து முடித்துவிடுவார்கள். மார்ச்சில் போய் "ஏப்ரலில் தொடங்கலாமா" என்றால் சிரிப்பார்கள். கல்லூரி திறந்த கையோடு ஜூன், ஜூலையில் கடிதம் போக வேண்டும்.

பணம் ஜி.எஸ்.ஐ. தராது, அது நிதி வழங்கும் துறை இல்லை. அதிகாரியின் நேரம், ஆய்வக வசதி, தரவு ஆகியவைதான் அவர்கள் பங்கு. பணத்துக்குச் சுரங்க அமைச்சகத்தின் ஆராய்ச்சி நிதி இருக்கிறது, 2020-லிருந்து 'சத்யபாமா' தளம் வழியாக விண்ணப்பம். இன்னொன்று, முன்பு செர்ப் என்றிருந்த, ஆராய்ச்சிக்கு நிதி தரும் மத்திய அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். மாணவர் திட்டத்துக்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம். கரை அளவுக்கு நான் சொன்ன இரண்டு குச்சிக்கு இதெதுவும் வேண்டாம் என்பதையும் கவனியுங்கள்.

ஊரில் சொல்லாமல் மண் எடுக்காதீர்கள்

மற்ற மாவட்டக்காரர் எழுதும் வழிகாட்டியில் இந்தப் பகுதி இருக்காது. இங்கே இதுதான் பெரிய வேலை.

நம் கரையில் ஒருவர் குனிந்து ஒரு பிடி மண்ணைப் பையில் போட்டால் பத்து நிமிடத்தில் கூட்டம் சேரும். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் என்று செய்தி வந்த பிறகு ஐந்து நிமிடம் போதும். அரசு எழுத்துப் போட்ட ஜீப்போடு போனால் அதுகூட வேண்டாம். என்னிடம் ஒரு பெரியவர் கேட்டார்: "டீச்சரே, இப்பம் நீங்க ஒரு பொட்டலம் எடுப்பீங்க. பெறவு மெஷினு வரும். வருமா வராதா?"

இந்தக் கேள்விக்கு "வராது" என்று சொல்லாதீர்கள். உங்களால் அந்த உறுதி கொடுக்க முடியாது. அரசு எடுக்கும் எந்த வரைபடமும் நாளை யார் கைக்கும் போகும், பூகோஷில் அது எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது. நான் சொன்னது இது: "மாமா, நான் எடுக்கிறது கரை எவ்வளவு போச்சுன்னு பாக்க. இந்த அளவு கம்பெனிக்கும் தெரியலாம், உங்களுக்கும் தெரியணும். உங்களுக்குத் தெரியலேன்னா நாளைக்கு வழக்குன்னு வந்தா எதைக் காட்டுவீங்க?" அவர் ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். மறுமாதம் குச்சி பிடிக்கத் தன் பேரனை அனுப்பினார்.

செய்ய வேண்டிய முறை: கடற்கரை ஊரென்றால் பங்குத்தந்தையையும் பங்குப் பேரவையையும், மற்ற ஊரென்றால் ஊர் கமிட்டியையும் ஊராட்சியையும் முதலில் பாருங்கள். ஒரு பக்கம் தமிழில் அச்சடித்த தாள் கொடுங்கள். யார் நடத்துவது, யார் பணம், எவ்வளவு மண் எடுப்போம், எங்கே போகும், முடிவு எப்போது ஊருக்கு வரும் என்று அதில் இருக்கட்டும். ஜி.எஸ்.ஐ. பெயரை மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் அந்த ஊரில் மட்டுமல்ல, அடுத்த பத்து ஊரிலும் கால் வைக்க முடியாது. இதை அதிகாரிகளுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஒரு முறை வேறொரு நிறுவனத்துக் குழு யாரிடமும் சொல்லாமல் விடியற்காலையில் துளை போட வந்து, என் மாணவிகள் பாதி வருஷம் அந்தக் கரைக்குப் போக முடியாமல் ஆனது.

மேலே காட்டுக்குள் போனால் வேறு சட்டம். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் ஆய்வுக்கு தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ஜி.எஸ்.ஐ. கூட வருகிறது என்பதால் அது தானாக வந்துவிடாது. மாதக் கணக்கில் ஆகும், முதலிலேயே போடுங்கள்.

மாதிரி எடுக்கும்போது பையின் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில். மார்க்கர் உப்புக்காற்றில் நிற்காது. இருபதுக்கு ஒன்று இரட்டையாக எடுத்து வேறு எண் போட்டு அனுப்புங்கள், ஆய்வகம் இரண்டுக்கும் ஒரே விடை தருகிறதா என்று பார்க்க. காமா அளவுக்கென்றால் டப்பாவை மூடி ஏறக்குறைய நான்கு வாரம் வைத்த பிறகுதான் அளக்க வேண்டும், ரேடானும் அதன் வாரிசுகளும் ரேடியத்தோடு சமநிலைக்கு வர. "அடுத்த வாரம் முடிவு தருகிறோம்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். மோனசைட்டைத் தனியாகப் பிரித்துச் சேர்த்து வைக்கும் ஆசையும் வேண்டாம், அது அனுமதி வேண்டிய பொருள்.

இப்போது எம்.ஓ.யூ.

ஒரு மழைக்காலமாவது சேர்ந்து வேலை பார்த்த பிறகு காகிதத்துக்கு வாருங்கள். கோப்பு கிண்டியிலிருந்து மேலே போகும், திரும்பி வர நாளாகும். அதுவரை வேலை நிற்க வேண்டியதில்லை.

அவர்கள் அனுப்பும் மாதிரிப் படிவத்தில் "இரு தரப்பும் ஒத்துழைக்கும்" என்று பத்துப் பாரா இருக்கும். அதையெல்லாம் அப்படியே விடுங்கள், எந்தப் பாதகமும் இல்லை. நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியது நாலைந்து வரிக்குத்தான். நாம் எடுத்த அளவு நம்முடையதா, பொதுவா? மாணவி அதை வைத்து முனைவர் பட்ட ஆய்வேடு எழுதும்போது யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஜி.எஸ்.ஐ. அதிகாரி கட்டுரையில் பெயர் போட அவர் துறையில் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு எத்தனை நாள் வரை நாம் காத்திருப்போம்? இந்த நாள் கணக்கை எழுத்தில் போடுங்கள், இல்லையென்றால் பிள்ளையின் பட்டம் ஒரு மேசையில் மாட்டிக்கொள்ளும். மாதிரியின் மீதிப் பாதி எங்கே இருக்கும்? என் கருத்து, கல்லூரியிலேயே. பத்து வருஷம் கழித்துப் புதுக் கருவி வரும்போது பழைய மணல் தங்கம். குச்சி பிடித்த மாணவர்களின் பெயர் நன்றியுரையில் வருமா, ஆசிரியர் வரிசையில் வருமா? அதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

ஊருக்குத் தமிழில் முடிவு கொடுப்பது என்பதை ஒரு விதியாகவே சேருங்கள். முதலில் அதிகாரி புருவம் உயர்த்துவார். தடை எதுவும் இல்லாத தரவைத்தானே கொடுக்கிறோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்.

இன்னொன்று, ஆள் மாற்றல். நல்ல பழக்கமான அதிகாரிக்கு மூன்றாம் வருஷம் ஷில்லாங்கோ ஜெய்ப்பூரோ ஆணை வந்துவிடும். அவர் போவதற்கு முன் அடுத்தவரையும் ஒரு முறை கரைக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். நம் பக்கத்திலும் அதே கதைதான். நான் ஓய்வு பெற்றால் கோப்பு என் அலமாரியிலேயே பூட்டிக் கிடக்கக் கூடாது என்று துறையில் இளையவர் ஒருவரைத் தொடக்கத்திலேயே இணை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறேன். குறுக்கு அளவுகள் எல்லாம் என் மடிக்கணினியில் இல்லாமல் துறையின் பொதுக் கணக்கில் இருக்கின்றன. கடவுச்சொல் முதல்வரிடம், இன்னொரு படி நூலகத்தில். குச்சிகள் இரண்டும் ஆய்வகக் கதவுக்குப் பின்னால்.